சொருகினால் சேர்ந்துவிடுமா? – கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் சேர்ப்பது பற்றி செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அதனால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, எது எதோடு சேரும், சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

கேள்வி: 55,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டேன். கடையில் கொடுத்த பட்டியல்: ரைசன் 5 5500 பிராசஸர், ஏ520 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 256 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் கேபினெட். எல்லாம் ஒன்றுக்கொன்று சேரும் என்கிறார்கள். வாங்கலாமா?
– பொறியியல் மாணவர், காரைக்குடி

சேரும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். எல்லாம் சொருகும், விண்டோஸ் ஏறும், கேமும் ஓடும். ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு பொருள்கள் உங்கள் காசைத் தின்றுவிடும். ஒன்று கிராபிக்ஸ் கார்டு, இன்னொன்று எஸ்எம்பிஎஸ்.

முதலில் கார்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்ப்பதற்கு முழு நீள ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு இருப்பவை நாலே நாலு பிசிஐ-இ பாதைகள் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் வழிகள்). பிசிஐ-இ 4.0 போர்டில் அந்த நாலு பாதையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். ரைசன் 5 5500-ம் ஏ520 போர்டும் 3.0 தலைமுறை, அங்கே அது பாதியாகி 4 ஜிபிக்குள் நின்றுவிடும். கார்டில் இருக்கும் 4 ஜிபி நினைவகம் நிறையாதவரை இது வெளியே தெரியாது. இன்றைய கேம்களில் டெக்ஸ்சரை (படத்தின் மேற்பரப்பு நுணுக்கத்தை) ஒரு படி கூட்டினாலே 4 ஜிபி நிறைந்துவிடும். மிச்சத்தை ராமிலிருந்து அந்த ஒடுங்கிய பாதை வழியாக இழுக்க வேண்டும். கல்யாண வீட்டுக் கூட்டம் முழுவதையும் திட்டிவாசல் வழியாக விட்டால் எப்படியோ அப்படித்தான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 60 என்று காட்டும், ஆனால் திருப்பத்தில் படம் விக்கும். போதாக்குறைக்கு, வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் இந்தக் கார்டில் கிடையாது. விளையாடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடும் எண்ணம் இருந்தால் அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

இதற்குப் பதில் ஆர்எக்ஸ் 6600 பாருங்கள். நினைவகம் 8 ஜிபி, பாதைகள் எட்டு. 3.0 போர்டில் போட்டாலும் எட்டுப் பாதையில் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும், நினைவகமும் சுலபத்தில் நிறையாது, என்கோடரும் உண்டு. 1080பி திரைக்கு இது தாராளம். ஆகவே கார்டை மாற்றிவிட்டால் 5500-ம் ஏ520-ம் அப்படியே இருக்கலாம். பி550 போர்டு, ரைசன் 5 5600 என்று போனால் பிசிஐ-இ 4.0 கிடைக்கும், பிராசஸரின் எல்3 கேஷும் (உள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பியிலிருந்து 32 எம்பி ஆகும். நல்லதுதான். ஆனாலும் கையில் இருப்பது ஒரே பை என்றால் முதலில் கார்டு, மிஞ்சினால் பிராசஸர், அதற்கும் மிஞ்சினால்தான் போர்டு. கண்ணாடிக் கதவுக்கும் வண்ண விளக்குக்கும் காசு ஒதுக்கிவிட்டு 4 ஜிபி கார்டு வாங்குவதை நாங்கள் ஒருநாளும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசம் போல வருவதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 500 என்று இருக்கும். அதை விட்டுவிட்டு +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட் வரியில்தான். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 18 = 216 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். உங்கள் தேவையைக் கூட்டுங்கள்: ஆர்எக்ஸ் 6600 முழுச் சுமையில் 132 வாட்; 5500-ன் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் பூஸ்ட் ஆகும்போது 88 வரை இழுக்கும்; போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 270. இதற்கு 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் தரும் 450 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தர) சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் போதும். நாளைக்குப் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550 வாங்குங்கள். கார்டுக்கான 6+2 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். மோலெக்ஸிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் வயரைக் கடைக்காரர் கையில் திணித்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூடேறி இளகுவது முதலில் அந்த இணைப்புதான்.

ராம்: 16 ஜிபி ஒன்று வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். இரட்டைச் சேனலில் ஓடினால்தான் இந்தப் பிராசஸர்கள் முழு வேகம் காட்டும். நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். 3200 என்று வாங்கிய ராம், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) போடாதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2666-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கி ஒரு வருடம் ஆனவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டதால், டிடிஆர்4 பழைய ராம் நண்பரிடம் இருந்தால் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ஏறாது. ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடமே வேறு.

எஸ்எஸ்டி 256 ஜிபி போதாது. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. குறைந்தது 500 ஜிபி என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் சொருகும் வேகமான எஸ்எஸ்டி). ஏ520 போர்டில் எம்.2 ஸ்லாட்டும் 3.0 தான் என்பதால் ஜென்4 (பிசிஐ-இ 4.0) எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. 5500, 5600 இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை; ஏ520, பி550 போர்டுகள் 2020-லேயே வந்துவிட்டன. கடையில் தூங்கிய பழைய போர்டாக இருந்தால் பயாஸ் இந்தப் பிராசஸரை அடையாளம் காணாது. ஃபேன் சுற்றும், திரை விழிக்காது. போர்டு கம்பெனியின் வலைத்தளத்தில் பிராசஸர் பட்டியலைத் திறந்தால் எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று எண்ணோடு இருக்கும். கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள். போர்டில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் நீங்களே செய்யலாம்: பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, கையேட்டில் சொன்ன பெயரில் ஃபைலைப் போட்டு, குறி போட்ட யுஎஸ்பி துளையில் சொருகி, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின், 8 பின் வயர்களைக் கொடுத்து, பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும். விளக்கு மின்னுவது நிற்கும்வரை கரண்ட் போகக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பாட்டையா காலத்து வீடு. மகன் இரண்டாம் கட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்று கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா? மாற்றினால் சரியாகுமா?
– வாசகி, தேவகோட்டை

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை அம்மா. புதிதாகப் போட்டாலும் அதே சுருக் வரும். கோளாறு சுவரில் இருக்கிறது: உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை, அல்லது இருப்பது செத்துக் கிடக்கிறது.

எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து எர்த்துக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் நுண்ணிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரும்பு கேபினெட் பாதி வோல்ட்டேஜில், அதாவது 115-க்குப் பக்கத்தில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் இதனால் மட்டும் ஆபத்து வராது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உண்மையிலேயே கேபினெட்டில் உரசினால், ஃபியூஸ் போகவும் வழியில்லாமல் முழு 230 வோல்ட் அந்த இரும்பில் நிற்கும். அப்போது தொடுபவர் கதி என்ன? அது மட்டுமில்லை, டிவியோடு எச்டிஎம்ஐ வயர் சொருகும்போது இந்த மிதக்கும் மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்து கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டையே எரித்துவிடுவதும் உண்டு.

மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு வயர்தான் இருக்கும். பின்னாளில் யாராவது மூன்று துளை பாயிண்ட் மாட்டியிருப்பார்கள். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் நூறுக்குப் பக்கத்தில் தடுமாறினால் எர்த் இல்லை என்று அர்த்தம். "நியூட்ரலை எடுத்து எர்த் துளையில் ஒரு லூப் போட்டுவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள அத்தனை இரும்பிலும் ஃபேஸ் ஏறிவிடும்.

முழு வீட்டையும் தோண்ட வேண்டியதில்லை. மெயின் போர்டில் எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து கம்ப்யூட்டர் பாயிண்டுக்கு மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டரில் ஃபேஸ், நியூட்ரல், பச்சை எர்த் மூன்றையும் புதிதாக இழுக்கலாம். சுண்ணாம்புப் பூச்சை வெட்டி உள்ளே பதிக்க வேண்டாம்; வெட்டினால் அதே பூச்சுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிவிசி பட்டியில் சுவர் மேலேயே, கதவு நிலையை ஒட்டிக் கொண்டுபோகலாம். நம் பக்கத்து மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும், எர்த் குழியும் அதோடு காயும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இதே வேலையோடு அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மோடம் முகப்பில் இருக்கிறது. என் அறை வளவு (முற்றத்தைச் சுற்றிய கட்டு) தாண்டி உள்ளே. வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது, கேமில் பிங் (தரவு போய்த் திரும்ப ஆகும் மில்லி செகண்ட்) 200-க்குப் போய்விடுகிறது. வைஃபை உள்ள மதர்போர்டு வாங்கினால் சரியாகுமா?
– கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

ஆகாது. அந்தச் சுவர்களின் கனத்துக்கு எந்த ஆன்டெனாவும் ஈடுகொடுக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத்தடுமாறி வந்து சேரும், ஆனால் பாக்கெட் தவறித் தவறித் திரும்ப அனுப்பப்படுவதால்தான் உங்கள் பிங் ஏறுகிறது. வைஃபை இல்லாத போர்டை வாங்கி, மிச்சமாகும் காசில் கேட்6 லேன் வயர் இழுங்கள். எல்லா போர்டிலும் கிகாபிட் லேன் போர்ட் இருக்கிறது. 100 மீட்டர் வரை வேகம் குறையாது. எவ்வளவு நீளமான வீடாக இருந்தாலும் ஒரு தெரு வாசலிலிருந்து மறு தெரு வாசல் வரை அதற்குள் அடங்கிவிடும்.

வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர் பாதி விலைக்குக் கிடைக்கும்; வளைத்தால் உள்ளே முறியும். முற்றத்தை ஒட்டிப் போகும் இடத்தில் வெயிலும் சாரலும் படும் என்பதால் வெளியிடத்துக்கான கறுப்பு உறை போட்ட வயரே வேண்டும். வெள்ளை வயர் இரண்டு கோடையில் பொரிந்துவிடும். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளை வழியாகவே கொண்டுவந்தால் சுவரில் ஓட்டை போடத் தேவையில்லை, பங்காளிகளிடம் அனுமதி கேட்கும் பேச்சும் வராது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளியே ஓட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் லேன் வயரை இரு முனையிலும் கழற்றிவிடுவது நல்லது.

கேள்வி: கம்பெனிகள் கழித்துவிட்ட ஐ5-6500 ஸ்லிம் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் கேமிங் கம்ப்யூட்டர் ஆகிவிடாதா?
– தனியார் ஊழியர், பொன்னமராவதி

பள்ளிப் பையனுக்குச் சின்ன கேம்கள் போதும் என்றால் ஆகும். மூன்று சிக்கல்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஐ5-6500 நாலு கோர், நாலு திரெட். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கோர் பிராசஸர்கள் அநேகமாக இல்லை. கொஞ்சம் கூடக் கொடுத்து ஐ5-8500 உள்ளதை எடுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11-ம் முறைப்படி ஏறும்.

ஸ்லிம் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி வயர் கிடையாது. ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும், உயரம் குறைந்த கார்டுதான் போட முடியும். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி பதிப்பு 70 வாட், கூடுதல் வயர் வேண்டாம், குட்டை வடிவிலும் வருகிறது. 8 ஜிபி பதிப்பு வேறு, அது 130 வாட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்எக்ஸ் 6400 மலிவாகத் தெரியும், ஆனால் அதுவும் நாலு பாதை, 4 ஜிபி. முதல் பதிலில் சொன்ன அதே விக்கல் வரும். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்றால் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்துவிட்டு வாங்குங்கள். சில மாடல்களில் பெரிய ஸ்லாட்டை ஒட்டியே எஸ்எம்பிஎஸ் பெட்டி இருக்கும்.

மூன்றாவது, இவற்றின் மதர்போர்டுக்குப் பல கம்பெனிகள் தங்களுக்கென்று தனி பவர் சாக்கெட் வைத்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் 24 பின் எஸ்எம்பிஎஸ் நேராகச் சேராது. இடமிருந்தால் ஸ்லிம் வேண்டாம், டவர் பெட்டியாகத் தேடுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. ஐ5-12400எஃப், எச்610 போர்டு, ஆர்எக்ஸ் 6600.
– பாலிடெக்னிக் மாணவர், புதுவயல்

மானிட்டர் வயர் எங்கே சொருகியிருக்கிறது? மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் என்றால் அங்கே படம் வராது. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அந்த இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. (ரைசன் 5 5500, 5600-லும் இல்லை, 5600ஜி-யில் உண்டு.) வயரைக் கீழே கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள்.

அப்படியும் வராவிட்டால் போர்டின் இடது மேல் மூலையில் பிராசஸருக்கான 4+4 பின் கொடுத்தீர்களா, கார்டின் 8 பின் முழுக்க உள்ளே போனதா என்று பாருங்கள். இந்த இரண்டு பிளக்கும் பார்க்க ஒன்று போலிருக்கும். கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும், பிராசஸருக்கானது 4+4 ஆகப் பிரியும். இடம் மாற்றி அழுத்தித் திணிக்காதீர்கள். பிறகு ராமைக் கழற்றி, ஒன்றை மட்டும் "க்ளிக்" சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டு முயலுங்கள். புதிதாக மாட்டுபவர்களுக்கு ராம் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதே முக்கால்வாசிக் காரணம். பலன் இல்லையென்றால் கரண்டை எடுத்துவிட்டு, போர்டின் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மறுபடி போடுங்கள்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் பிராசஸரை எடுத்துச் சாக்கெட்டை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். இந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. வரிசையில் ஒன்று மட்டும் வேறு கோணத்தில் மினுங்கினால் வளைந்திருக்கிறது. அதற்கு வாரன்டி கிடைப்பது கடினம். ஆன்லைனில் வாங்குபவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே சாக்கெட் வரை வீடியோ எடுத்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் டிவி நிற்பதில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.
– வாசகர், கோட்டையூர்

எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் 16, 17 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோடு என்று சுவிட்ச் இருந்தால் அதில் மாற்றுங்கள், மாறும் நேரம் குறையும். சுவிட்ச் இல்லாத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் போடவே வேண்டாம். புது எஸ்எம்பிஎஸ்கள் அந்த அலையில் ஒழுங்காக ஓடாது. தனியாக 600 விஏ யுபிஎஸ் வாங்கினால் அது தாங்குவது 360 வாட்தான், அதுவும் சில நிமிடம். கேமைச் சேமித்து நிறுத்த அது போதும்.

கேள்வி: வாலரன்ட் திறந்தால் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டரைத் தொடங்கும் வசதி) வேண்டும் என்று சொல்லி மூடிவிடுகிறது. புது மதர்போர்டு வாங்க வேண்டுமா? ரைசன் 5 5600, பி450.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், திருப்பத்தூர்

ஒரு பைசா செலவில்லை. விண்டோஸ் 11-ல் அந்த கேம் இரண்டையும் கேட்கும். பயாஸில் எஃப்டிபிஎம் (பிராசஸரோடு சேர்ந்தே வரும் டிபிஎம்) என்று இருப்பதை இயக்குங்கள். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பிடிடி. செக்யூர் பூட் போட, பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்கும் சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டும். அணைக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உங்கள் டிஸ்க் ஜிபிடியா எம்பிஆரா (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் புது முறையா, பழைய முறையா) என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் விண்டோஸ் ஏறாது. முதலில் படங்கள், பாடக் குறிப்புகளை எல்லாம் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிக்கொண்டு, பிறகு பயாஸைத் தொடுங்கள். அவசரப்பட்டு அணைத்துவிட்டு விண்டோஸ் ஏறவில்லை என்றால் பதற வேண்டாம், சிஎஸ்எம்-ஐத் திரும்பப் போட்டால் பழையபடி ஏறிவிடும்.